பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் என் முகம்

ஒரு கையில் வீட்டுச் சாவி, தோளில் பை. தி. நகரில் பனகல் பார்க் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு என் முகத்தின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தை மாச வெயில்தான். ஆனாலும் உறைத்தது.

என் முகம் என்றால் என் கழுத்துக்கு மேலே இருப்பது அல்ல. அதற்கு எதிரே, நிழற்குடையின் சுவரில் ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்த முகம். தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உலகத்தையே மன்னித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. கீழே கொட்டை எழுத்தில், 'எனக்குக் காசநோய் இருந்தது. இன்று இல்லை. நான் குணமானேன்.'

என் மோவாயை மறைத்தபடி, அன்று காலைதான் ஒட்டிய வெள்ளைப் பட்டை ஒன்று: 'படத்தில் இருப்பவர் காசநோயாளி அல்ல. மாதிரிப் படம் மட்டுமே.'

பட்டை வருவேனா என்றது. எங்கள் திட்டத்தில் உருப்படியாக அமைந்த ஒரே விஷயம் அந்தப் பசைதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் போஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துப்பட்டாவை மூக்குக்கு இழுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றாள். ஓரமாக நிறுத்தியிருந்த ஆட்டோக்காரர் மட்டும் இறங்கி வந்தார்.

"இன்னா மேடம், உங்க போட்டோவ நீங்களே கிழிச்சிகினு கீறீங்க?"

"போட்டோவ இல்லப்பா. மேல ஒட்டினத எடுக்கறேன்."

அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "நோயாளி இல்லன்னுதானே போட்டுகீறாங்க? நல்லதாத்தானே போட்டுகீறாங்க?"

நல்லதாகத்தான் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டையைக் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியதே நான்தான். அதிலிருந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதை நானே ஏன் சுரண்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

நான் பார்க்கும் உத்தியோகம்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, 'நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை' என்று எழுதியிருந்தார். அம்மா, எனக்கே பிடிபட்டதில்லை. என் வீட்டுக்காரரிடம் யாராவது கேட்டால், "ஊருக்கு நல்லது சொல்ற வேலை. வீட்டுல சொல்றதுக்கு நேரம் இருக்காது" என்பார்.

பல்கலைக்கழகத்தில் அதற்கு 'வளர்ச்சிக்கான தகவல் தொடர்பு' என்று பெயர். அதிலும் நான் பொதுச் சுகாதாரப் பிரிவு. அதாவது, கையைக் கழுவுங்கள், கொசுவை விரட்டுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மக்களிடம் சொல்வது எப்படி என்று ஆராய்ச்சி செய்வது. சொன்ன பிறகு யாராவது கேட்டார்களா என்று இன்னொரு ஆராய்ச்சி செய்வது. கேட்கவில்லை என்று தெரிந்தால் அதற்கொரு கருத்தரங்கம். மதியம் சாப்பாடு உண்டு.

இந்தத் துறைக்கு வந்த புதிதில், மயிலாப்பூர் குளக்கரையில் புகையிலை எதிர்ப்பு வீதி நாடகம் ஒன்று போட்டோம். புற்றுநோயாக நடித்தவர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பிரமாதமாக மிரட்டினார். அவர் காட்சி முடிந்ததும் நேரே எதிர்க்கடைக்குப் போய், அதே அங்கியோடு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். கூட்டம் மொத்தமும் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாடகம் இந்தப் பக்கம் தனியாக நடந்து முடிந்தது. 'பார்வையாளர் ஈடுபாடு மிக அதிகம்' என்று அறிக்கை போனது.

அன்றைக்கே வேறு வேலை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பேராசிரியர் ஆகிவிட்டேன்.

சாம்பல் நிறக் கட்டம்

காசநோய்ப் போஸ்டருக்கு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் குழு கூடியது. நானும் உறுப்பினர். ஏசி குளிரில் சமோசா விறைத்துப் போகும் அளவுக்கு நீளமான கூட்டங்கள்.

திரையில் போஸ்டரின் மாதிரி. மேலே வாசகம், கீழே லோகோக்கள், நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் 'இங்கே படம் வரும்' என்று எழுதியிருக்கும். நாங்கள் எத்தனை கூட்டம் போட்டோமோ அத்தனையிலும் லோகோக்களைப் பற்றித்தான் பேசினோம். யாருடைய லோகோ இடது பக்கம், யாருடையது பெரிது, நிதி கொடுத்தவர் முன்னாலா, இடம் கொடுத்தவர் முன்னாலா. கடைசியில் எல்லா லோகோவும் ஒரே உயரம் என்று சமாதானம் ஆனது. கை தட்டினோம். சாம்பல் நிறக் கட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

படத்தைப் போடவேண்டியவன் தினேஷ், திட்ட ஒருங்கிணைப்பாளன். கெட்டிக்காரப் பையன்தான். படங்கள் இருந்த கோப்பைத் திறந்திருக்கிறான். அதில் எங்கள் பயிற்சி வகுப்புப் படங்களும் கிடந்திருக்கின்றன.

எங்கள் தொழிலில் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடிப்பு உண்டு. தூங்கி விழாமல் இருக்கத்தான். ஒருவர் டாக்டராக நடிப்பார், ஒருவர் நோயாளியாக நடிப்பார், மற்றவர்கள் குறை சொல்வார்கள். அந்தத் தடவை நான் நோயாளி. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர், இனிமே என்னை வீட்டுல சேத்துப்பாங்களா?" என்று கேட்டேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் படத்தைத்தான் தினேஷ் கட்டத்துக்குள் போட்டான். சென்னை முழுக்க மாட்டிய பிறகு நானே அவனுக்குப் போன் செய்தேன்.

"மேடம், ஃபீட்பேக் செமையா இருக்கு. அந்த அம்மா முகத்துல ஒரு நிஜம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"தினேஷ், அது நான்."

"அதான் மேடம். எங்கயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு."

என் எதிர் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து என் பங்குச் சமோசாவையும் சேர்த்துச் சாப்பிட்டவன் அவன்.

டம்ளர் தீர்ந்துபோன வீடு

நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில். செயலாளர் வரதன் மாமா மூன்றாவது மாடி. முழங்கால் ஆபரேஷன் ஆனவர். லிஃப்ட் நின்றுபோனால் நடுத்தெருவில் நின்று மின்வாரியத்தைத் திட்டுவார்.

போஸ்டர் வந்த வாரம் லிஃப்ட் கதவைத் திறந்தேன். உள்ளே மாமா. என்னைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டார்.

"நீங்க போங்கோ. நான் படியேறி வந்துடறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

மேலே போய்ச் சேர்ந்து கதவைப் பூட்டிய பிறகும் படியில் அவர் முனகுவது கேட்டது.

அடுத்து நவராத்திரி. வரதன் மாமி வீட்டுக் கொலுவுக்குப் போனேன். கூடம் நிறையப் பெண்கள், மல்லிகையும் சுண்டலில் தேங்காயும் சேர்ந்த வாசனை. எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளரில் காபி. எனக்கு மட்டும் பேப்பர் கப்.

"தப்பா நினைச்சுக்கப்படாது. டம்ளர் தீர்ந்துபோயிடுத்து" என்றாள் மாமி. அவளுக்குப் பின்னால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பளபளவென்று நின்றன.

டி.பி. டம்ளரில் தொற்றாது. காற்றில் தொற்றுகிற நோய் அது. அதை எழுதி அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தவள் நான். நோயை விட நோயைப் பற்றிய பேச்சுதான் ஆளைக் கொல்கிறது என்று வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்கிறவளும் நான். அப்பேர்ப்பட்ட நான் அங்கே என்ன செய்தேன்? "மாமி, எனக்கு டி.பி. எல்லாம் இல்ல. அது நான் சும்மா நடிச்சது" என்று கூடமே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அதனால என்ன. இப்போதான் மருந்தெல்லாம் வந்தாச்சே" என்று மாமி பரிவோடு இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தாள். பேப்பர் தட்டில்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போட்டோல நல்லாத்தான் இருக்கே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை தினேஷுக்கும் குழுவுக்கும் காரசாரமாக ஒரு மெயில் போட்டேன். போஸ்டரைக் கழற்றுங்கள். கழற்ற முடியாதாம், இடம் பிடித்தது பிடித்ததுதானாம். அப்படியானால் நான் நோயாளி அல்ல என்று ஒரு பட்டையாவது ஒட்டுங்கள். வாசகமும் எழுதி அனுப்பினேன். குழுவில் வைக்கிறோம் என்றார்கள். பட்டையில் லோகோ வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கூட்டம் நடந்ததாகக் கேள்வி.

ஷமீம்

எங்கள் தெரு முனையில் ஷமீம் (அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஊரும் பேரும் மாற்றித்தான்) ப்ளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மெஷின், துணித் திரையால் மறைத்த ஒரு மூலை. முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். முகூர்த்த மாசம் வந்தால் மாம்பலத்து மாமிகள் அவளிடம்தான் தவம் கிடப்பார்கள். கழுத்து அளவு பிசகாது.

கார்த்திகை மாசத்தில் ஒரு மழை நாள். தைக்கக் கொடுத்ததை வாங்கப் போனேன். கடையில் வேறு யாருமில்லை. அவள் எழுந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே. உங்களுக்கும் ஒண்ணுக்கு செகப்பாத்தான் போச்சா?"

டி.பி. மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போகும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எத்தனை நாளா ஷமீம்?"

அவள் அழுதுவிட்டாள். ரெண்டு மாசத்துக்கு மேலே மாத்திரை சாப்பிடுகிறாளாம். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, அவர்களுக்கு ஒன்றுமில்லை. இனிமேல் அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுகிறது. கலர் வேறு மாறிப் போவதைப் பார்த்து ரத்தமோ என்று பயம். இருமலும் நின்றுவிட்டது. போன வாரத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"வெளிய தெரிஞ்சா ஒரு மாமி துணி குடுக்க மாட்டாங்க மேடம். இந்த மெஷினை வெச்சித்தான் எங்க வண்டி ஓடுது. அப்பத்தான் பனகல் பார்க்குல உங்க போட்டோ பார்த்தேன். படிச்சவங்க, நல்லா வந்துகினு போய்கினு கீறாங்க, அவங்களுக்கே வந்து போயிடுச்சேன்னு நெனைச்சேன். சொல்லுங்க மேடம், நெஜமாவே போயிடுமா?"

ஆராய்ச்சி நெறிமுறைகள் பற்றி வாராவாரம் வகுப்பெடுக்கிறவள் நான். எந்த நிலையிலும் மக்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பது முதல் பாடம்.

"போயிடும்" என்றேன். "எனக்கும் செகப்பாத்தான் போச்சு. மொத நாள் பயந்து உக்காந்துட்டேன். அது ரத்தமில்லை, மாத்திரையோட கலர்."

"குமட்டிச்சா?"

"ஐயோ, குமட்டாம? டாக்டர்கிட்ட சொன்னேன், வழி பண்ணிக் குடுத்தாங்க. நீயும் நாளைக்கே போய் சொல்லு. நிறுத்தினதையும் மறைக்காம சொல்லு. பாதியில விட்டா அது இன்னும் கெட்டியா திரும்பி வரும், அப்போ இந்த மாத்திரைக்கு அடங்காது. ஆறு மாசம் முழுசா போட்டாத்தான் போகும். எனக்கு அப்படித்தான் போச்சு."

மறுநாளே போனாள். திரும்பவும் மாத்திரை ஆரம்பித்தாள். நான் ஏதாவது ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்ப்பேன். "போட்டியா?" என்று கண்ணால் கேட்பேன். அவள் தலையை அசைப்பாள். அந்த மார்கழியில் எங்கள் பீரோவில் ப்ளவுஸ் வைக்க இடமில்லாமல் போனது. "உனக்குக் கல்யாணம் ஏதாவது நிச்சயமாயிருக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

இல்லாத நோயைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. எனக்கு எந்த மாதத்தில் எடை ஏறியது, எப்போது பசி திரும்பியது என்று சொன்னதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் எழுதிய துண்டுப்பிரசுரங்கள் எதையும் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை.

இந்த அமளியில், குழுவிடம் ஒரு பட்டை கேட்டிருந்தோமே என்பதே எனக்கு மறந்துவிட்டது.

குழுவுக்கு மறக்கவில்லை.

மறுபடியும் பஸ் ஸ்டாப்

தை பிறந்து சில நாளில் தினேஷ் சந்தோஷமாகப் போன் செய்தான். "மேடம், உங்க பட்டைக்கு அப்ரூவல் வந்துருச்சு. காலையிலேயே ஒட்ட ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு பனகல் பார்க் மட்டும்தான், மத்தது அப்புறம்."

"நிறுத்து தினேஷ். வேண்டாம்."

"நீங்கதானே மேடம் கேட்டீங்க? இப்ப வேண்டாம்னா திரும்பக் குழுவுலதான் வைக்கணும்."

போனை வைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன். லைனிங் துணி, கொக்கி, லேஸ் எல்லாம் வாங்க ஷமீம் வருவது அந்தப் பக்கம்தான். மாத்திரையில் பாதிக்கிணறுதான் தாண்டியிருந்தாள். நான் புளுகினேன் என்று தெரிந்து, நான் சொன்னதெல்லாமே புளுகு என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டாள் என்றால்?

இப்படித்தான் சாவியும் கையுமாக அங்கே நின்றேன். ஆட்டோக்காரர் விடுவதாக இல்லை.

"இல்ல மேடம், நோவு இல்லன்னா இல்லன்னு போடறதுல இன்னா தப்பு?"

அந்த நேரத்தில்தான் ஷமீமைப் பார்த்தேன். கையில் லைனிங் துணிப் பையோடு, நிழற்குடையின் அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"தப்புதாம்பா" என்றேன், அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. "இதுல எழுதியிருக்கறது பொய். எனக்கு டி.பி. இருந்துச்சு. மாத்திரை போட்டேன், போயிடுச்சு. அதுல என்ன வெக்கம்?"

வெயிலில் நின்ற பெண் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப கிழிங்க மேடம்" என்று வண்டிக்குப் போனார். தி. நகரில் அந்த மதியம் பெஞ்சு முழுக்க எனக்கே.

ஷமீம் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "காலைல வரும்போதே படிச்சிட்டேன் மேடம்" என்றாள்.

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "மாத்திரை?"

"போட்டுட்டுத்தான் கிளம்பினேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் போடுவேன். உங்களுக்கு வந்துச்சோ வரலையோ, எனக்கு வந்துகீதே." துணிப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "கோவமாத்தான் இருந்துச்சு. நம்பி எல்லாத்தையும் சொன்னேன், நம்மள ஏமாத்திட்டாங்களேன்னு. இப்ப இத்தினி பேரு முன்னாடி டி.பி.ன்னு கத்திகினு நிக்கறீங்க. எனக்கோசரம்தானே?"

தலையை ஆட்டினேன். அழுகை வந்தது, நிஜ அழுகை. பயிற்சி வகுப்பில் வந்த மாதிரி அழகாக வரவில்லை. மூக்கெல்லாம் ஒழுகியது.

"சரி விடு. உனக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே இதைச் சுரண்டி என்ன" என்று சாவியைப் பையில் போட்டேன்.

அவள் முகம் மாறியது. "ஐய, விட்டுடாதீங்க. முழுசா எடுத்துடணும்."

"ஏன்?"

"மாத்திரை அட்டைய ஒரு நாளு மெஷின் மேல வெச்சிட்டேன். வரதன் மாமி பார்த்துட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மேடத்தோடது, மறந்து வெச்சிட்டுப் போய்ட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

என் கை மறுபடியும் பைக்குள் சாவியைத் தேடியது.

"நீங்க தெனம் கடைக்கு வர்றது எதுக்குன்னும் கேட்டாங்க. பாவம், மேடம் பயந்துகினு கீறாங்க, நான்தான் தைரியம் சொல்லிகினு கீறேன்னு சொன்னேன். இப்ப உங்களுக்கு நோவு இல்லன்னு இங்க எழுதி வெச்சா, மாத்திரை யாருதுன்னு கேப்பாங்கல்ல?"

அவள் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தாள். வலது ஓரத்தில் அவளும் இடது ஓரத்தில் நானும் ஆரம்பித்தோம். பட்டை வந்தது. கூடவே என் மோவாயும் கொஞ்சம் வந்தது. 'நான் குணமானேன்' என்பது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

இந்த நவராத்திரி

பங்குனியில் ஷமீமுக்கு மாத்திரை முடிந்தது. சளி டெஸ்டில் ஒன்றும் இல்லை. மற்ற இடங்களுக்கான பட்டை திரும்பக் குழுவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. போஸ்டரைக் கழற்றி அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. எங்கள் திட்டத்தின் இறுதி அறிக்கையில், மக்களிடையே மனமாற்றம் ஏற்பட்டிருப்பதாக நான்தான் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். இருக்கிறது, காட்ட முடியாது என்று எழுதவா முடியும்? ஒரு வரைபடம் போட்டேன்.

இந்த வருஷம் வரதன் மாமி வீட்டுக் கொலுவுக்குப் போனபோது, மாமியின் பட்டுப் புடவை ப்ளவுஸைக் கொடுக்க ஷமீமும் வந்திருந்தாள். மாமி அவளை விடவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இவளும் ஒரு வாய் காபி சாப்டட்டும். பாவம், உங்களுக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்தாள். நன்னா இருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள்.

ஷமீமுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப்.

ஷமீம் டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நான் லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் குனிந்து குடித்தாள்.

நானும் குடித்தேன். பேப்பர் கப் என்றால் கை சுடும். மற்றபடி காபியில் ஒரு குறையும் இல்லை.